மடுவத்தில் ஐந்து நிமிடம்: ஊடகக் கற்கை மாணவருக்கு, தோட்டத்தில் ஆவணப்படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊடகக் கற்கை மாணவர்கள் ஒப்படைக்காக எடுத்துவரும் காணொளிகளைச் சில வருடங்களாக அவர்களோடு உட்கார்ந்து பார்த்து வருகிறேன். பெரும்பாலானவற்றில் படம் நன்றாகவே இருக்கும். மலையும் மூட்டமும் யார் எடுத்தாலும் அழகாகத்தான் விழும். பேசுபவர் என்ன சொல்கிறார் என்பதுதான் கேட்காது. கேட்டாலும், அவர் சொல்வதற்கேற்ற காட்சி ஒன்றுகூட இருக்காது. இரண்டுக்கும் காரணம் வேலையின் வரிசையைத் தலைகீழாகப் பிடித்ததுதான்.

கையில் இருக்கும் தொலைபேசியை வைத்துக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஐந்து நிமிட ஆவணப்படம் எடுப்பதை உதாரணமாகக் கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். நான்காம் படி முடியும்வரை கமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

1. முதலில் ஒரு வாக்கியம்

“தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை” என்ற தலைப்போடு மலை ஏறினால், கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு இறங்குவீர்கள். யார், என்ன செய்கிறார், அதில் அவருக்கு என்ன இடைஞ்சல் என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தாக வேண்டும்.

இப்படி: “கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, பிரட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர ஒரு தாய் ஓடுகிறார்.” (பிள்ளைக் காம்பரா என்பது தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்; பிரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்.) இதை எழுதி முடித்ததுமே என்னென்ன காட்சி வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. அடுப்பு, கடிகாரம், லயத்துப் படிக்கட்டு (லயம் என்பது தொழிலாளரின் வரிசை வீடு), பிள்ளைக் காம்பரா வாசல், பிரட்டுக்களம். எடுக்கக் கூடாதவையும் தெரிந்துவிடுகின்றன: அருவி வேண்டாம், ரயில் வேண்டாம்.

சம்பளப் பிரச்சினையை எடுக்கப்போகிறேன் என்று வருபவர்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கதையின் பாதி ஆட்கள் கொழும்பில் கூட்டத்தில் இருப்பார்கள். உங்களுக்குக் கிடைப்பவர் ஒரு பக்கம் மட்டுமே பேசுவார். முதல் படத்துக்கு, ஒரே நாளில், நடந்து போகும் தூரத்துக்குள் தொடங்கி முடியும் விடயம் போதும்.

2. கமரா இல்லாமல் ஒரு முழு நாள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதவர்கள் மிகக் குறைவு. குதித்தவர்கள் எல்லோரும் இரண்டாவது தடவை பஸ் ஏறியிருக்கிறார்கள்.

தோட்டத்துக்கென்று ஒரு நேரக்கணக்கு இருக்கிறது. பிரட்டு எத்தனை மணிக்கு, கொழுந்து நிறுப்பது எத்தனை தடவை, எந்த மலையில் இன்று கொழுந்து, மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) லொறி எப்போது வரும் என்பதெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். உங்கள் மாமா வேலை செய்யும் தோட்டத்துக் கணக்கை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தொழிற்சாலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பகலில் பறித்த கொழுந்து உடனே அரைபடுவதில்லை. இரவு முழுக்க வாட்டும் தொட்டிகளில் கிடந்து, உருட்டு இயந்திரம் பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் ஓடும். ஒரு மாணவன் மூன்று வாரம் அலைந்து அனுமதி வாங்கி, பிற்பகல் இரண்டு மணிக்கு ஸ்டோருக்குள் (தோட்டத்தில் தொழிற்சாலையை இப்படித்தான் சொல்வார்கள்) போனான். இயந்திரங்கள் கழுவித் துடைத்து நின்றன. ஒருவர் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டும் காட்சிதான் அவன் படத்தில் “தேயிலை உற்பத்தி” என்று வந்தது.

காலநிலையையும் இதே நாளில் கணக்கில் எடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவை அடிக்கும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் நாள் முழுக்கத் தூறலாகவே போகலாம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் நனையும். இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் வெயில் அடித்துவிட்டு, பிற்பகலில் இடியோடு கொட்டுவது வழக்கம். ஆகவே வெளிக்காட்சிகளைக் காலையில் முடிப்பதாகத் திட்டம் போடுங்கள். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீளும். அந்த மாதங்களில் மஸ்கெலியாப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸில் கூட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: நேரம், காண்பது, கேட்பது. மூன்றாவது நிரலை வெறுமையாக விடக்கூடாது. “6.10, கோயில் ஒலிபெருக்கி. 7.00, ஓடைச் சத்தம், பக்கத்து வீட்டு வானொலி. 10.30, புல் வெட்டும் இயந்திரம்.” நேர்காணலை எங்கே, எத்தனை மணிக்கு வைப்பது என்பதை இந்த நிரல்தான் முடிவு செய்யும்.

3. அனுமதி: மூன்று வாசல்

தோட்ட நிருவாகம் முதல் வாசல். பாடசாலையோ பல்கலைக்கழகத் துறையோ கொடுத்த கடிதத்தோடு அலுவலகத்துக்குப் போங்கள். எந்தத் திகதி, எத்தனை பேர், எந்த இடங்கள் என்பது கடிதத்தில் இருக்கட்டும். ஸ்டோருக்குள் போக வேண்டுமானால் அதைத் தனியாக எழுதுங்கள். “தோட்டம்” என்று பொதுவாக எழுதி வாங்கிய அனுமதி ஸ்டோர் வாசலில் செல்லாது.

இரண்டாவது வாசல், படத்தில் வருபவர். இங்கே பொய் சொல்லாதீர்கள். “வகுப்புக்கு மட்டும்தான் அக்கா” என்று சொல்லி எடுத்ததை யூடியூபில் ஏற்றிய ஒரு குழுவை எனக்குத் தெரியும். அந்த அக்கா தன் அழுக்குப் படங்கோடு (கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் துணி) தன்னையே கைத்தொலைபேசியில் பார்த்தது, டுபாயிலிருந்து தங்கை அனுப்பிய இணைப்பில். அதற்குப் பிறகு அந்த லயத்தில் எந்த மாணவனுக்கும் கதவு திறக்கவில்லை. எங்கே காட்டப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லி, அவர் சம்மதத்தை அவர் வாயாலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். சிறுவர்கள் வந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கட்டாயம்.

மூன்றாவது வாசல் உங்கள் மனச்சாட்சி. பேச்சு வாக்கில் ஒருவர் கங்காணியையோ (மேற்பார்வையாளர்) துரையையோ (தோட்ட நிருவாகி) பற்றிக் கடுமையாக ஏதாவது சொல்லிவிடுவார். முகத்தை மங்கலாக்கிப் போடலாம் என்று நினைப்பீர்கள். தோட்டத்தில் குரலை வைத்தும், நடையை வைத்தும், முதுகைப் பார்த்தும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். வெளியே தெரிந்தால் அவருக்கு வேலையில் தொல்லை வரும் என்றால், அந்தத் துண்டைப் பயன்படுத்தாதீர்கள்.

டிரோனைப் பற்றிக் கேட்காத வகுப்பே இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். ஐந்து நிமிடப் படத்துக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. மேட்டில் ஏறி நின்றாலே மேலிருந்து பார்க்கும் காட்சி இங்கே இலவசமாகக் கிடைக்கிறது.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

தொலைபேசி, முக்காலி, உடையில் குத்தும் கம்பி ஒலிவாங்கி, காதில் மாட்டும் ஹெட்போன், பவர் பேங்க், மென்மையான பருத்தித் துணி, குடை, சிப் வைத்த பொலித்தீன் பை இரண்டு. மழைக்காலமானால் அட்டைக் கடிக்கு உப்பு. பணம் குறைவாக இருந்தால் முதலில் ஒலிவாங்கியை வாங்குங்கள், முக்காலியைக் கடன் கேளுங்கள்.

ஒலிவாங்கி வாங்கும்போது முனையைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் தொலைபேசிக்கானது. இரண்டு இருந்தால் கமராவுக்கானது. இரண்டு வளையத்ததைத் தொலைபேசியில் நேரே செருகினால், தொலைபேசி பெரும்பாலும் தன் சொந்த ஒலிவாங்கியிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. டைப்-சி துளை மட்டும் உள்ள தொலைபேசி என்றால் மாற்றி ஒன்றும் தேவை. எதுவானாலும் கடையிலேயே சோதியுங்கள். பதிவை அழுத்தி, ஒலிவாங்கியின் தலையை நகத்தால் மெதுவாகச் சுரண்டிவிட்டுத் திருப்பிக் கேளுங்கள். சுரண்டல் பெரிதாகக் கேட்டால் சரி. கேட்காவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

நினைவகத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 மெகாபைட் ஆகும். ஐந்து நிமிடப் படத்துக்கு 60 நிமிடம் எடுப்பீர்கள் என்று வைத்தால் 9 கிகாபைட். அதைப்போல் இரண்டு மடங்கு இடத்தை முதல் நாள் இரவே காலி செய்யுங்கள். கொழுந்து மலையில் நின்றுகொண்டு தங்கையின் பிறந்தநாள் படங்களை அழித்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

5. அமைப்புகளை வீட்டிலேயே பூட்டுங்கள்

எல்லாவற்றையும் ‘ஓட்டோ’வில் விட்டால் தொலைபேசி தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கும். மூட்டம் விலகும்போது வெளிச்சம் மாறும், நிறம் மாறும், குவியம் தடுமாறும். தொகுக்கும்போது ஒரு காட்சியோடு அடுத்தது ஒட்டாது. ‘ஓபன் கமரா’ அல்லது ‘பிளக்மேஜிக் கமரா’ போன்ற இலவசச் செயலியில், உங்கள் தொலைபேசிக்கு எது ஒத்துவருகிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு இவற்றை இந்த வரிசையில் வையுங்கள்.

பிரேம் வேகம் நொடிக்கு 25, ஷட்டர் 1/50 நொடி. நம் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். குழல் விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னும். 1/50 அல்லது 1/100 வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் முழு மின்னல்கள் விழும், விளக்கு நடுங்காது. 1/60 வைத்தால் ஸ்டோருக்குள் எடுத்த காட்சியில் பட்டை பட்டையாக நிழல் ஓடும். உங்கள் செயலியில் 30 பிரேம்தான் இருக்கிறது என்றால் பரவாயில்லை, ஷட்டரை மட்டும் 1/50 இல் பிடியுங்கள். ஒரு படத்துக்கு ஒரே பிரேம் வேகம். 25ஐயும் 30ஐயும் கலந்தால் அசைவு தட்டித் தட்டி வரும்.

வெளியே நல்ல வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும். பெரும்பாலான தொலைபேசிகளில் துவாரத்தைச் சுருக்க முடியாது. ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) ஆகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். அதற்குப் பிறகும் வெளுத்தால், வெளிப்புறத்தில் மட்டும் ஷட்டரைக் கூட்டலாம். அங்கே விளக்கு இல்லாததால் நடுக்கப் பிரச்சினையும் இல்லை.

வெள்ளைச் சமநிலை, வெயிலில் 5500 கெல்வின், மேகமூட்டத்தில் 6500 அளவில். லயத்துக்குள் நிலைமை வேறு: வாசலில் வரும் வெளிச்சம் நீலம், குண்டு விளக்கு மஞ்சள். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது. விளக்கை அணைத்துவிட்டு, ஆளை வாசலுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கடைசியாக விமானப் பயண நிலையைப் போடுங்கள். நேர்காணலின் நடுவில் அழைப்பு வந்தால் சில தொலைபேசிகளில் பதிவே நின்றுவிடும்.

6. படத்துக்கு முன் ஒலி

இடத்துக்குப் போனதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். கொப்பியில் எழுதிய சத்தங்களில் எது இப்போது இருக்கிறது? அணைக்கக்கூடியதை அணைக்கச் சொல்லுங்கள். ஓடையை அணைக்க முடியாது. அதற்கு முதுகு காட்டி, சுவரின் மறைவுக்குப் போங்கள். ஓடைச் சத்தம் இடத்துக்கு இடம் மாறும். பாதிப் பேட்டியை வாசலிலும் மீதியைப் பின்கட்டிலும் எடுத்தால், வெட்டி ஒட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஆறு பாய்ந்து நிற்கும்.

ஒலிவாங்கியை நாடிக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். கொழுந்து எடுப்பவர் என்றால் கவனம்: இடுப்பில் படங்கு, மழையானால் தோளில் பொலித்தீன், தலையில் துணி. இவற்றில் எது உரசினாலும் பேச்சைவிடப் பெரிதாக விழும். கம்பியில் சிறு வளையம் போட்டு உடையோடு ஒட்டிவிட்டால் இழுபடும் சத்தம் போகும். காற்றுக்கு, பழைய கரடிப் பொம்மையின் ரோமத் துணியில் ஒரு துண்டு வெட்டி ஒலிவாங்கித் தலைக்கு உறை போடுங்கள். கடையில் விற்கும் உறையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

அளவு, சாதாரணப் பேச்சில் உச்சம் -12 டெசிபலைச் சுற்றி ஆடட்டும். சிரித்தாலோ அழுதாலோ குரல் உயரும், அதற்கு மேலே இடம் இருக்க வேண்டும். 0 ஐத் தொட்டால் வெடிக்கும். வெடித்த ஒலியை எந்த மென்பொருளும் சரியாக ஒட்டித் தராது.

தகரக் கூரையின் கீழ் மழை பிடித்துக்கொண்டால் பேட்டியை நிறுத்துங்கள். அந்த மழையை மட்டும் இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள், எங்காவது உதவும். பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஒலியை 30 நொடி எடுங்கள். தொகுப்பில் வெட்டு விழுந்த இடங்களை அடைக்க அதுதான் சாந்து. எல்லோரும் மறப்பது இதையே.

7. நேர்காணல்: காட்சிகளுக்கு முன்னால்

அவர் என்ன சொல்கிறார் என்று தெரிந்த பிறகுதான் என்ன காட்சி எடுப்பது என்று தெரியும். ஆனால் வேலை நேரத்தில் நிறுத்திக் கேட்காதீர்கள். கொழுந்து நிறைக்குக் கணக்கு உண்டு. உங்களோடு பேசிய அரை மணி நேரம் அவர் நிறையில் குறையும். முதல் நாள் மாலை, அவர் முகம் கழுவித் தேநீர் குடித்த பிறகு, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து எடுப்பதே நல்லது. ஆனால் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும், மழையும் வரலாம். ஞாயிறு காலை கிடைத்தால் விடாதீர்கள்.

கமராவை அவர் கண் மட்டத்தில் வையுங்கள். கேள்வி கேட்பவர் கமராவை ஒட்டி உட்காரட்டும். பேசுபவர் கேட்பவரைப் பார்த்தால் போதும். அவர் பார்க்கும் திசையில் சற்றுக் கூடுதல் இடம் விடுங்கள். பின்னால் வெள்ளை வானம் இருந்தால் முகம் கருகும். இரண்டடி மேலே ஏறி நின்று, பின்னணியில் தேயிலைச் செடி வரும்படி திருப்பினால் அதே முகம் தெளியும். எங்கள் மண்ணிற முகங்களுக்குப் பச்சையைவிட நல்ல பின்னணி இல்லை.

“உங்களுக்குக் கஷ்டமா?” என்று கேட்டால் “ஆமாம் தம்பி” என்று பதில் வரும். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? “காலையில் கண் விழித்ததிலிருந்து பிரட்டுக்களம் போய்ச் சேரும்வரை சொல்லுங்கள் அம்மா” என்று கேளுங்கள். அவர் அடுப்பு மூட்டுவார், பிள்ளையைத் தூக்குவார், வழுக்கிய படியைச் சொல்வார். கேள்வியையும் பதிலோடு சேர்த்துச் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் குரலை வெட்டி எடுத்துவிடலாம்.

பேசும்போது “ம்”, “சரி” போடாதீர்கள், தலையாட்டுங்கள். பதில் முடிந்ததும் மூன்று நொடி பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவர் சொல்லும் வார்த்தைதான் பல படங்களில் கடைசி வரியாக நின்றிருக்கிறது.

8. செயல் காட்சிகள்: ஒரு வேலைக்கு ஐந்து கோணம்

அன்றிரவே பேட்டியைக் கேட்டு, அவர் குறிப்பிட்ட செயல்களைப் பட்டியலிடுங்கள். மறுநாள் எடுப்பது அவற்றை மட்டும்.

கொழுந்து எடுப்பதையே பார்ப்போம். முதலில் கை: இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளப்பட்டு உள்ளங்கையில் சேர்வது தெரியும் அளவுக்கு நெருக்கம். இரண்டாவது முகம். மூன்றாவது தூரக் காட்சி, மலையும் நிரையும் தெரிய. நான்காவது அவர் தோளுக்குப் பின்னாலிருந்து. ஐந்தாவது யாரும் எதிர்பார்க்காத இடம்: செடிக்கு அடியிலிருந்து மேலே, அல்லது காலடி. ஒவ்வொன்றையும் பத்து நொடி அசையாமல் பிடியுங்கள். மாணவர்கள் மூன்று நொடியில் கையை ஆட்டிவிடுகிறார்கள்; அதில் பயன்படுத்த ஒரு நொடிதான் மிஞ்சும்.

பெரிதாக்க வேண்டுமானால் நடந்து கிட்டப் போங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்கிய காட்சி திரையில் மாவாகத் தெரியும்.

இருவர் எதிரெதிரே இருக்கும்போது, உதாரணமாக நிறுப்பவரும் கொழுந்து கொண்டுவந்தவரும், இருவரையும் இணைத்து மனதில் ஒரு கோடு போடுங்கள். எல்லாக் கோணமும் கோட்டின் ஒரே பக்கத்திலிருந்து இருக்கட்டும். கோட்டைத் தாண்டினால் அவர்கள் இடம் மாறி உட்கார்ந்ததுபோல் தோன்றும்.

சரிவில் முக்காலியின் இரண்டு கால் பள்ளப் பக்கம், ஒன்று மேட்டுப் பக்கம். மாற்றி வைத்தால் உங்கள் தொலைபேசி கான் (வடிகால்) வழியே கீழ் லயத்துக்குப் போய்ச் சேரும்.

மூட்டத்தில் இரண்டு தவறு நடக்கும். வெள்ளையெல்லாம் சாம்பலாக விழும், ஏனென்றால் தானியங்கி அளவு எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிப் பூட்டுங்கள். குவியம் முன்னும் பின்னும் தேடித் தவிக்கும். அருகே உள்ள மரத்தின் விளிம்பில் பிடித்துப் பூட்டுங்கள்.

வெளிக் குளிரிலிருந்து ஸ்டோருக்குள், முக்கியமாக உலர்த்தும் அடுப்புப் பக்கம் போனால், வில்லையில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். வெளியே இருக்கும்போதே தொலைபேசியைச் சிப் பையில் போட்டு மூடி, உள்ளே போய்ப் பதினைந்து, இருபது நிமிடம் கழித்துத் திறங்கள். பையின் வெளிப்புறம் வியர்க்கும், உள்ளே இருப்பது தப்பிக்கும்.

9. அன்றிரவே செய்ய வேண்டியவை

தூக்கம் வரும். இருந்தாலும் இரண்டு வேலையை முடித்துவிட்டுப் படுங்கள். முதலில் பிரதி: கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று. மூன்றாவதாக வேறொரு வீட்டில், நண்பனின் கணினியிலாவது ஒன்று. மூன்றையும் திறந்து பார்த்த பிறகே தொலைபேசியில் அழியுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பது பிரதி ஆகாது. சாதாரணமாக அனுப்பினால் அது காணொளியை நசுக்கித்தான் அனுப்பும்.

அடுத்தது குறிப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி: “பேட்டி 2, 4.15 இல் படிக்கட்டில் விழுந்த கதை, நன்று.” ஒரு வாரம் கழித்து அறுபது நிமிடத்தை மறுபடி பார்க்கும் கொடுமையிலிருந்து இந்த வரி காப்பாற்றும்.

10. தொகுப்பு: காது முதலில், கண் பிறகு

கணினி வலுவாக இருந்தால் ‘டாவின்சி ரிசால்வ்’ இலவசப் பதிப்பே போதும். பழைய கணினி என்றால் ‘கேடன்லைவ்’ பாருங்கள்; பதிலிக் கோப்பு (தொகுக்கும்போது மட்டும் பயன்படும் சிறிய பிரதி) உருவாக்கும் வசதியைப் போட்டுக்கொண்டால் திக்காமல் ஓடும். தொலைபேசியிலேயே தொகுப்பதிலும் தவறில்லை.

ஒலியைத் தனிக் கருவியில் பதிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல தொலைபேசிகள் 25 என்று சொன்னாலும் பிரேம் வேகத்தைச் சற்று ஏற்றி இறக்கும். தொடக்கத்தில் பொருந்திய உதடு, பத்தாவது நிமிடத்தில் விலகும். ‘ஹான்ட்பிரேக்’ போன்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத் தொகுப்பைத் தொடங்குங்கள்.

முதலில் காட்சி எதையும் தொடாதீர்கள். பேட்டியிலிருந்து நல்ல துண்டுகளை மட்டும் வரிசையாக வைத்து, திரையை அணைத்துவிட்டு வானொலி கேட்பதுபோல் கேளுங்கள். கதை புரிகிறதா? புரியவில்லை என்றால் எந்த மலைக்காட்சியும் அதைக் காப்பாற்றாது. ஏழு நிமிடம் வரும், ஐந்துக்கு வெட்டுங்கள். எடுக்கப் பட்ட பாட்டை நினைத்து ஒரு துண்டை வைத்திருக்காதீர்கள். பார்ப்பவருக்கு நீங்கள் அட்டைக் கடி வாங்கியது தெரியாது.

பிறகு காட்சிகளை மேலே அடுக்குங்கள். அவர் “படி வழுக்கும்” என்று சொல்லும் அதே கணத்தில் படியைக் காட்டாமல், அரை நொடி முன்னாலேயே படியில் தண்ணீர் வழியும் சத்தத்தைக் கொண்டுவந்து பாருங்கள். ஒலி முதலிலும் படம் பின்னாலும் வந்தால் வெட்டு கண்ணில் உறுத்தாது.

இசையைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். சினிமாப் பாட்டைப் போட்டால் யூடியூபில் உரிமைக் கோரல் வரும். உங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் சம்மதத்தோடு ஐந்து நிமிடம் பதிந்தால் வேறு யாரிடமும் இல்லாத இசை கிடைக்கும். ஆனால் பேச்சின் கீழே தப்பு ஓடக்கூடாது, இரண்டும் அடித்துக்கொள்ளும்.

11. தமிழ் எழுத்தைத் திரையில் போடுவது

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர், வேறு கணினியில் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யுனிகோடில் தட்டி, ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ போன்ற எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். சில தொகுப்பு மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி விழும். ‘பிரீமியர்’ பயன்படுத்துபவர்கள் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவைப் போட வேண்டும். எந்த மென்பொருளானாலும் “கொழுந்து, தோட்டம், பௌர்ணமி, ஸ்ரீ” என்று நான்கு சொல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கீழ்வரிகள் (பேச்சைத் திரையின் அடியில் எழுத்தில் காட்டும் வரிகள்) முழுவதையும் எழுதிய பிறகு கண்டுபிடிப்பது கொடுமை.

சிங்கள மாணவர்களும் பார்க்கும் வகுப்பென்றால் சிங்களக் கீழ்வரி அவசியம். இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வரியை முடிக்கும்போது சொற்றொடர் முடியும் இடத்தில் முடியுங்கள். திரையில் நிற்கும் நேரத்துக்குள் நீங்களே வாய்விட்டு அவசரமில்லாமல் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். தமிழ்க் கீழ்வரி போட்டால் பேசுபவரின் பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள். “பெரட்டு” என்று அவர் சொன்னால் கீழ்வரியிலும் அதுவே இருக்கட்டும்.

12. வெளியே எடுத்தல், இஸ்தோப்பில் காட்டுதல்

1920×1080, 25 பிரேம், எச்.264 என்ற சுருக்கு முறை, நொடிக்கு 8 முதல் 10 மெகாபிட். ஐந்து நிமிடத்துக்கு 300 முதல் 375 மெகாபைட் வரும். பென்டிரைவில் கொடுக்கலாம், இணையத்திலும் ஏற்றலாம். முழுவதையும் ஒருமுறை ஹெட்போனிலும் ஒருமுறை தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியிலும் கேளுங்கள். பெரும்பாலானோர் பார்க்கப்போவது இரண்டாவதில்தான்.

ஒப்படைக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால், படத்தில் வந்தவர் வீட்டுக்குப் போய்க் காட்டுங்கள். விரிவுரையாளர் பார்க்காத பிழையை லயத்தில் பார்ப்பார்கள். ஒரு குழு மடுவத்தில் நிறுக்கும் காட்சியை முன்னாலும், அன்று காலை பறித்த காட்சியைப் பின்னாலும் ஒட்டியிருந்தது. அழகாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் கேட்டார்: “ஏன் பாப்பா, நிறுத்துப் போட்ட பிறகும் பை நிறைந்தே இருக்கிறதே, எந்தத் தோட்டத்தில் அப்படி?” எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுத்த பிள்ளையும் சிரித்துவிட்டு அன்றிரவே வரிசையை மாற்றினாள்.

திருத்திய பிறகு புதிய கோப்புக்குப் பெயர் வைக்கும்போது இலக்கம் போடுங்கள்: 01, 02, 03. “ஃபைனல்”, “ஃபைனல் புதியது”, “இதுதான் ஃபைனல்” என்று மூன்று கோப்பு வைத்திருந்தவர் ஒப்படைத்தது, அந்தப் பாட்டி சுட்டிக்காட்டியது போன்ற பிழை இருந்த முதல் கோப்பை.